அட்டெண்டன்ஸில் இல்லாத பூச்சி!

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. மணி பன்னிரண்டரை. ஹாஸ்டல் வராந்தா ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ ஜெராக்ஸை மட்டும் புரட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். தலைக்கு மேலே ஒரு கோஷ்டி லைட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மோதிக்கொண்டு இருக்கிறது. அதில் ஒன்று வழி தவறி உங்கள் நோட்டில் வந்து உட்காருகிறது. சாம்பல் கலர். சுண்டுவிரல் நகம் சைஸ். ‘ச்சே, பூச்சி!’ என்று ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கொஸ்டினுக்குப் போய்விட்டீர்கள்.

ஒரு நிமிஷம் பாஸ்! உங்க காலேஜ் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு மாதிரி ஏதாவது மலைப்பக்கம் இருந்தால், நீங்கள் ஊதித் தள்ளியது உலகத்தில் இதுவரை யாருமே பேர் வைக்காத ஓர் உயிராகக்கூட இருக்கலாம். சும்மா பில்டப் இல்லை, கணக்கைப் பாருங்க.

பட்டாம்பூச்சியும் விட்டில் பூச்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இங்கிலீஷில் மாத், பாடப் புத்தகத்தில் அந்துப்பூச்சி, நம்ம ஊர் பேச்சில் விட்டில். இந்த மொத்தக் குடும்பத்தில் இதுவரை பேர் வைக்கப்பட்டது சுமார் 1,60,000 வகை. அதில் பட்டாம்பூச்சி எவ்வளவு தெரியுமா? சுமார் 18,000தான். மீதி அத்தனையும் விட்டில்! பகல் டியூட்டி பார்க்கும் பட்டாம்பூச்சிக்குக் கவிதை, சினிமாப் பாட்டு, ஹேர் க்ளிப் என்று ஏக மரியாதை. நைட் ஷிஃப்ட் பார்க்கும் விட்டிலுக்குக் கிடைப்பது செருப்படி. இன்னும் பேர் வைக்காத விட்டில்கள் ஆயிரக்கணக்கில் பாக்கி இருக்கின்றன. அதில் நிறைய மலைகளில் ஒளிந்திருக்கின்றன.

சரி, பேர் வைக்காவிட்டால் என்ன குடி முழுகிப் போச்சு? அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

நாய்க்குட்டி மூஞ்சிக்காரன்

2009-ம் வருஷம். தென் அமெரிக்காவில் வெனிசுலா நாட்டின் கிரான் சபானா. மேஜை மாதிரி தட்டையான தலை கொண்ட பிரமாண்ட மலைகள் நிற்கும் மேட்டு நிலம். அங்கே கனைமா தேசியப் பூங்கா பக்கம் சுற்றிக்கொண்டு இருந்தார் ஆர்தர் ஆங்க்கர் என்ற விலங்கியல்காரர். அவருடைய மெயின் சப்ஜெக்ட் என்ன தெரியுமா? இறால்! விட்டில் பூச்சிக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் கேமராவும் கையுமாகத் திரிகிற ஆசாமி. கண்ணில் பட்ட ஒரு வெள்ளை விட்டிலை க்ளிக் பண்ணினார்.

உடம்பெல்லாம் பஞ்சு பஞ்சாக முடி, கறுத்த பெரிய கண், சீப்பு மாதிரி பழுப்பு உணர்கொம்பு. அப்படியே பார்லருக்குப் போய் வந்த பூடுல் நாய்க்குட்டி! 2012-ல் அந்த ஃபோட்டோ இன்டர்நெட்டில் தீப்பிடித்தது. உலகமே ‘சோ க்யூட்’ என்று உருகியது. ‘அய்யே, இது கிராஃபிக்ஸ்’ என்று இன்னொரு கோஷ்டி கிளம்பியது. ‘பூடுல் மாத்’ என்று செல்லப் பேரும் ஒட்டிக்கொண்டது.

செல்லப் பேர் சரி. ஒரிஜினல் பேர்? அதுதான் இல்லை! ஆர்டேஸ் என்ற வெள்ளை விட்டில் கூட்டத்தின் சொந்தக்காரனாக இருக்கலாம் என்று ஒரு யூகம் மட்டும் உண்டு. யூகத்துக்கு மேலே போக முடியவில்லை. ஏன்னா, கையில் இருப்பது ஃபோட்டோ மட்டும்தான். பூச்சி இல்லை. உலகமே பார்த்து ரசித்த ஓர் உயிர், அறிவியலின் ரிஜிஸ்டரில் இன்னும் ஏறவில்லை.

உங்கள் கிளாஸை நினைச்சுப் பாருங்க. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் பேர் ஏறாத ஒருத்தன் தினமும் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறான். நல்லா சிரிக்கிறான், நல்லா பாடுகிறான், எல்லோருக்கும் பிடிக்கிறது. ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. லெக்சரர் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். அவன் பேரைக் கூப்பிடவே மாட்டார். அவனுக்கு ‘ஆப்சென்ட்’ கூடப் போட முடியாது!

பேர் இல்லாத பூச்சியின் நிலைமையும் இதேதான். ஒரு காட்டை அழித்து ரோடு போடும்போது, ‘இங்கே இன்ன உயிர் இருக்கிறது, பார்த்துப் பண்ணுங்க’ என்று சொல்வதற்குப் பேர் வேண்டும். அழிந்துபோகிற உயிர்களின் பட்டியலில் சேர்க்கப் பேர் வேண்டும். அட, அழிந்தே போய்விட்டது என்று அழுவதற்குக்கூட முதலில் ஒரு பேர் வேண்டுமே!

பேர் வைப்பது சும்மா இல்லை!

‘நான் பார்த்தேன், நான் பேர் வெச்சேன்’ என்று ஸ்டேட்டஸ் போட்டால் கதை முடிந்துவிடாது. இதற்கென்று உலகம் முழுக்க ஒரே சட்டப் புத்தகம் இருக்கிறது. விலங்குகளின் பேர்க் கணக்கு 1758-ல் ஆரம்பிக்கிறது. ஸ்வீடன்காரர் லின்னேயஸ் தன் புத்தகத்தின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கு இரண்டு சொல்லில் பேர் வைத்த வருஷம் அது. முதல் சொல் குடும்ப இனிஷியல் மாதிரி, இரண்டாவது சொல் அவனவன் சொந்தப் பேர். இன்றைக்கும் அதே ஸ்டைல்தான்.

ஒரு மலை விட்டிலை எடுத்துக்கொண்டு இந்தச் சடங்கை முழுசாகப் பார்த்துவிடலாம். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக்கு வாங்க.

அங்கே மரங்கள் முடிந்து, வெறும் புல்லும் பாறையும் இருக்கும் உயரத்தில் சாட்லேரியா என்று ஒரு குட்டி விட்டில் கூட்டம் வாழ்கிறது. பழுப்பும் சாம்பலுமாக டல் அடிக்கும் கலர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எல்லாம் ஒரே அச்சு. ரொம்ப காலம் இதில் சில வகைகள்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்தார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர மியூசியத்தைச் சேர்ந்த பீட்டர் ஹூமருக்கு மட்டும் சந்தேகம். ‘ஒவ்வொரு மலையிலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கே?’

இந்த மாதிரி சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள்?

முதலில் றெக்கை. விட்டிலின் றெக்கையில் இருப்பது பவுடர் இல்லை, ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிய செதில்கள். அந்தச் செதில்களின் கலர், புள்ளி, கோடு எல்லாவற்றையும் மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவார்கள்.

அடுத்தது, கொஞ்சம் கூச்சப்பட வைக்கிற மேட்டர். வயிற்றுப் பகுதியைத் தனியே எடுத்து காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் சூடு பண்ணுவார்கள். கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட்ஸ், உங்களுக்குப் புரியும். சதை எல்லாம் கரைந்துபோக, கைட்டின் என்கிற கெட்டியான பொருளால் ஆன இனப்பெருக்க உறுப்பு மட்டும் மிஞ்சும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஆணும் பெண்ணும் பூட்டும் சாவியும் மாதிரி. றெக்கையில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு விட்டில்கள்கூட இங்கே வந்தால் மாட்டிக்கொள்ளும். ‘இந்தச் சாவி அந்தப் பூட்டுக்குச் சேராது’ என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, டி.என்.ஏ. சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு டப்பாவைக் காட்டினால் ‘பீப்’ என்று விலை வருமே, பார்கோடு, அதே ஐடியா. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003-ல் சொன்னது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு ஜீனில், சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்தால் போதும், பெரும்பாலான விலங்குகளைப் பிரித்துச் சொல்லிவிடலாம் என்றார். அவர் முதலில் டெஸ்ட் பண்ணிக் காட்டியதில் விட்டில், பட்டாம்பூச்சிக் குடும்பத்து 200 வகைகளும் உண்டு. இதற்கு முழுப் பூச்சியைக் கரைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கால் போதும்!

ஹூமரும் ஹெபர்ட்டும் கை கோத்தார்கள். 2011-ல் ரிசல்ட் வந்தது. ஒரே அச்சு என்று நினைத்த கூட்டத்துக்குள் புதுப் புது வகைகள்! டோலமைட் மலையில் கிடைத்ததற்கு சாட்லேரியா டோலோமிட்டிகா. கோட்டியன் ஆல்ப்ஸில் கிடைத்ததற்கு சாட்லேரியா கோட்டியெல்லா. 2014-ல் பால்கன் தீபகற்பத்து மலைகளிலிருந்து மேலும் இரண்டு புது வகைகளை ஹூமர் அறிவித்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பேர் ஹோலோடைப். அந்தப் பேரின் உண்மையான சொந்தக்காரன் அதுதான். நாளைக்கு யாருக்காவது ‘இது அதுதானா?’ என்று சந்தேகம் வந்தால், இந்த ஒன்றோடுதான் ஒத்துப் பார்க்க வேண்டும். அதைக் குண்டூசியில் குத்தி, எந்த மலை, எத்தனை மீட்டர் உயரம், என்ன தேதி, யார் பிடித்தது என்று லேபிள் எழுதுவார்கள். ஹோலோடைப் என்று காட்ட வழக்கமாகச் சிவப்பு லேபிள் சேர்ப்பார்கள். பிறகு மியூசியத்தில் பத்திரம். கடைசியாக, பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து இது எப்படி வேறு என்று ஒரு கட்டுரை. அது அச்சாகி வெளியான நாள்தான் அந்த உயிரின் பெயர் சூட்டு விழா!

பேர் விஷயத்தில் ஜாலியும் உண்டு. தன் பேரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் நாகரிகம் இல்லை. மற்றபடி ஊர் பேர், ஆள் பேர், எந்த மொழிச் சொல் வேண்டுமானாலும் வைக்கலாம். தலையில் மஞ்சளும் வெள்ளையுமாகச் செதில் சிலுப்பிக்கொண்டு நின்ற ஒரு குட்டி விட்டிலுக்கு 2017-ல் டொனால்டு ட்ரம்ப் பேரை வைத்தார்கள். நம்ம ஹூமர் 2025-ல் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து ரோஜா கலர் விட்டில் ஒன்றுக்குத் தன் மனைவியின் பேரை வைத்தார். வேலன்டைன்ஸ் டேவுக்கு டெடி பேர் வாங்கித் தருகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்!

‘ஒரு பூச்சியைக் கொன்றுதானா பேர் வைக்கணும்?’ என்று உங்களில் சிலருக்கு மனசு உறுத்தும். உறுத்த வேண்டியதுதான். நியாயமான கேள்வி. இந்தத் துறையில் இருப்பவர்களும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஒரு பெண் விட்டில் நூற்றுக்கணக்கில் முட்டை இடும், அதனால் சில பூச்சிகளை எடுப்பதால் ஓர் இனம் சரிந்துவிடாது, காடு போனால்தான் சரியும் என்பது ஒரு பக்கத்து வாதம். தேவைக்கு மேல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது என்பது இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் விதி. பூடுல் பையன் உயிரோடு பறந்து போனான், சந்தோஷம். ஆனால், அவன் வகை இன்னும் ரிஜிஸ்டருக்கு வெளியேதான் நிற்கிறது.

ஏன் மலை?

சாட்லேரியாவில் ஒரு செம ட்விஸ்ட் இருக்கிறது. ஆண்களுக்கு ஒழுங்கான றெக்கை உண்டு. பெண்களுக்குக் குட்டை றெக்கை. பறக்கவே முடியாது!

காரணம் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் அடிக்கும் காற்றில் பறந்தால் எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று தெரியாது. குளிரில் பறக்க நிறைய எரிசக்தியும் வேண்டும். றெக்கைக்குச் செலவழிப்பதை முட்டைக்குச் செலவழித்தால் லாபம். அதனால் அம்மா விட்டில் நடந்தேதான் போக வேண்டும்.

இப்போ கணக்குப் போடுங்க. பறக்கத் தெரியாத அம்மா, ஒரு மலை உச்சியில் இருக்கிறாள். பக்கத்து மலை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால், நடுவே பள்ளத்தாக்கு. அங்கே சூடு, வேற செடி, வேற எதிரிகள். இறங்கி நடந்து மறுபடி ஏறுவது நடக்கிற காரியமா? ஆக, இந்த மலைக் கூட்டம் இங்கேயே, அந்த மலைக் கூட்டம் அங்கேயே. பல்லாயிரம் வருஷம் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் இருந்தால் இரண்டும் வேறு வேறு இனமாகப் பிரிந்துவிடும். கடலுக்கு நடுவே தீவு மாதிரி, சூட்டுக்கு நடுவே குளிர்ச்சியான உச்சிகள். இதை ‘வான் தீவு’ என்றே சொல்கிறார்கள்.

வான் தீவு பார்க்க ஆல்ப்ஸுக்கு டிக்கெட் போட வேண்டாம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையே ஒரு வரிசை வான் தீவுகள்தான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் என்ற பெரிய இடைவெளி. வடக்கே ஊட்டிப் பக்கத்துச் சோலைக் காட்டில் ஒரு நீலக் குருவி வாழ்கிறது. தெற்கே கொடைக்கானல் பக்கம் அதன் சொந்தக்காரக் குருவி. இரண்டும் வேறு வேறு இனம்! இந்தச் சோலைக் குருவிகளுக்கு 2017-ல் ‘ஷோலிகோலா’ என்று தனி இனிஷியலே கொடுத்தார்கள். நம்ம ‘சோலை’தான் அந்தப் பேருக்குள் உட்கார்ந்திருக்கிறது. றெக்கை உள்ள குருவியையே அந்த இடைவெளி பிரித்து வைத்தது என்றால், நகம் சைஸ் விட்டில்களை எத்தனை துண்டாகப் பிரித்திருக்கும்?

படி ஏறும் பூச்சிகள்

‘சரிங்க, மெதுவா ஒவ்வொண்ணா பேர் வெச்சுக்கலாமே, என்ன அவசரம்?’

அவசரம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் யார் தெரியுமா? உங்கள் வயசுப் பசங்க!

1965-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் போர்னியோ தீவுக்குக் கிளம்பினார்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலை, உயரம் 4,095 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவை விட ஒன்றரை மடங்கு உயரம். அடிவாரத்திலிருந்து மேலே வரை பல உயரங்களில் ராத்திரியில் விளக்கு வைத்து விட்டில் பிடித்தார்கள். எது எத்தனை மீட்டரில் கிடைத்தது என்று ஒழுங்காக லேபிள் எழுதினார்கள். அந்தக் குழுவில் ஜெரெமி ஹாலோவே, ஹென்றி பார்லோ என்ற இருவரும் உண்டு. ஹாலோவே அதோடு விடவில்லை. 1976-ல் கினபாலு விட்டில்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். அப்புறம் போர்னியோவின் விட்டில்களுக்கே 18 பாகத்தில் ஒரு வரிசை. எத்தனையோ புது வகைகளுக்குப் பேர் வைத்து, வர்ணித்து, ரிஜிஸ்டரில் ஏற்றினார்.

42 வருஷம் ஓடிப்போச்சு. 2007-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டு இருந்த ஐ-சிங் சென் என்ற தைவான் மாணவியும் அவருடைய குழுவும் அதே மலைக்கு வந்தார்கள். அதே இடங்கள், அதே மாதிரி விளக்கு. புழுப் பருவத்தில் உடம்பை வளைத்து வளைத்துக் காவடி மாதிரி நடக்குமே, அந்தக் குடும்பத்து விட்டில்களில் 102 வகைகளை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனை மீட்டர், இன்றைக்கு எத்தனை மீட்டர் என்று ஒப்பிட்டார்கள்.

ரிசல்ட் 2009-ல் வந்தது. சராசரியாக 67 மீட்டர் மேலே போயிருந்தன. அதாவது, இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். யாரும் துரத்தவில்லை. பூமி சூடாகிக்கொண்டே வருகிறது. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். அதனால், பழைய குளிரைத் தேடி பூச்சிகள் படி ஏறிக்கொண்டு இருக்கின்றன. அந்தக் கட்டுரையை எழுதியவர்களின் பட்டியலில் ஐ-சிங் சென் பேரோடு, 1965-ல் மாணவர்களாகப் போன ஹாலோவே, பார்லோ இருவரின் பேரும் இருக்கிறது. ஸ்டூடன்டாக ஒழுங்காக எழுதிய லேபிள், தாத்தா வயசில் உலகச் செய்தி ஆனது!

இதில் ஒரு பயம் இருக்கிறது. மலை என்பது கூம்பு. மேலே போகப் போக இடம் சுருங்கும். நடுவில் இருக்கிறவனுக்கு ஏற இன்னும் படி இருக்கிறது. ஏற்கெனவே உச்சியில் இருக்கிறவன் எங்கே போவான்? சாட்லேரியா அம்மா மாதிரி பறக்கவே தெரியாதவள் எங்கே போவாள்? அங்கேயே முடிந்துபோக வேண்டியதுதான். அதில் எத்தனை வகைக்குப் பேர் இருக்கும், எத்தனை வகை அட்டெண்டன்ஸில் ஏறாமலே போகும்?

இன்னொரு விஷயமும் கவனிங்க. அன்றைக்கு அந்தப் பசங்க பிடித்த பூச்சிகளுக்குச் சரியான பேர் இல்லாமல் ‘சாம்பல் விட்டில், பழுப்பு விட்டில்’ என்று குத்துமதிப்பாக எழுதி வைத்திருந்தால்? 42 வருஷம் கழித்து எதை எதோடு ஒப்பிடுவது? 67 மீட்டர் என்ற உண்மையே வெளியே வந்திருக்காது. பேர் வைப்பது என்பது வெறும் சடங்கு இல்லை என்பது இங்கேதான் புரிகிறது.

ஊட்டித் தோட்டக்காரர்

இந்த வேலை நம்ம ஊரில் நடக்காமல் இல்லை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. ஜார்ஜ் ஹாம்ப்சன் என்று ஒரு இங்கிலீஷ்காரர், தேயிலை போட்டுச் சம்பாதிக்க நீலகிரிக்கு வந்தார். வந்தவர் கண்ணில் பட்டது தேயிலையைச் சுற்றிப் பறந்த விட்டில்கள். பித்துப் பிடித்துவிட்டது மனுஷனுக்கு. லண்டன் திரும்பியவர், சம்பளம் இல்லாமலே மியூசியத்தில் வேலைக்கு உட்கார்ந்தார். 1891-ல் நீலகிரி மாவட்டத்து விட்டில்களுக்கென்றே ஒரு புத்தகம். 1893-ல் இலங்கை விட்டில்களுக்கு ஒன்று. 1892-லிருந்து 1896-க்குள் இந்தியா முழுமைக்குமாக நான்கு தொகுதி! இன்றைக்கும் இந்திய விட்டில்களைப் படிக்கிறவர்கள் அந்த நான்கைப் புரட்டாமல் நகர முடியாது.

பெருமைதான். ஆனால், யோசிச்சா கொஞ்சம் வலிக்கும். நம்ம மலையில் பிறந்த எத்தனையோ விட்டில்களின் ஹோலோடைப்புகள் லண்டன் மியூசியத்து டிராயருக்குள் இருக்கின்றன. கோத்தகிரிப் பூச்சி புதுசா பழசா என்று தெரிந்துகொள்ள, லண்டன் குண்டூசியோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2002-ம் வருஷத்து உயிரியல் பன்மயச் சட்டப்படி, இந்தியாவில் யார் புது உயிரினத்தைக் கண்டுபிடித்தாலும் அதை அரசு குறித்திருக்கும் காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அப்படி ஒரு காப்பகம், 1916-ல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம். தலைமையகம் கொல்கத்தா, சென்னையிலும் அதன் தென்மண்டல மையம் உண்டு.

பேரும் நம்ம பேராகவே வர ஆரம்பித்திருக்கிறது. 2023-ல் மேகமலையிலிருந்து ஒரு புது உயிர் அறிவிக்கப்பட்டது. சிகாரைட்டிஸ் மேகமலையென்சிஸ். விட்டில் இல்லை, பட்டாம்பூச்சி. ஆனாலும் என்ன, தேனி மாவட்டத்து மலையின் பேர் உலக ரிஜிஸ்டரில் ஏறிவிட்டதே!

வேட்டி கட்டு, விளக்கு போடு!

‘எனக்கும் ஆசையா இருக்கு, எங்கே ஆரம்பிக்கிறது?’ என்கிறவர்களுக்கு ஒரு சிம்பிள் ரூட்.

தேவை: ஒரு வெள்ளை வேட்டி, கயிறு, ஒரு பளிச் விளக்கு, செல்போன் கேமரா. மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ வேட்டியைத் திரை மாதிரி கட்டி, முன்னால் விளக்கைத் தொங்கவிடுங்கள். அமாவாசையை ஒட்டிய, காற்று இல்லாத, மழை பெய்து ஓய்ந்த ராத்திரி என்றால் ஜாக்பாட். ஒரு மணி நேரத்தில் வேட்டி முழுக்க விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

விளக்குக்கு ஏன் வருகின்றன? ‘காதலில் விழுந்து கருகும் விட்டில்’ என்று நாம் கவிதை எழுதியதெல்லாம் வேஸ்ட். 2024-ல் வந்த ஓர் ஆய்வு சொல்லும் காரணம் வேற. ராத்திரியிலும் வானம்தான் பூமியை விட வெளிச்சம் என்பதால், முதுகை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பறப்பது பூச்சிகளின் பழக்கம். நம் விளக்கை வானம் என்று நினைத்து முதுகைத் திருப்பித் திருப்பி, சுற்றலில் மாட்டிக்கொள்கின்றன. காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, பாவம், திசை குழம்பிய கேஸ்! அதனால் இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்து அவற்றை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் மேலிருந்து ஒரு ஃபோட்டோ, பக்கவாட்டில் ஒரு ஃபோட்டோ. கூடவே தேதி, இடம், உயரம். இதை மறக்காதீங்க, கினபாலு பசங்களை ஜெயிக்க வைத்தது இந்த மூன்றும்தான். ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் போட்டால், எங்கிருந்தோ ஒரு நிபுணர் வந்து பேர் சொல்வார். ‘மாத்ஸ் ஆஃப் இண்டியா’ தளத்தில் இந்திய விட்டில்களின் படங்கள் குவிந்து கிடக்கின்றன. 2012-லிருந்து ஒவ்வொரு வருஷமும் ஜூலைக் கடைசியில் ‘மாத் வீக்’ என்று உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். காலேஜ் நேச்சர் கிளப் இருந்தால் அந்த வாரம் ஒரு வேட்டி கட்டலாம். கோயம்புத்தூர் பக்கம் போனால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி மியூசியத்தையும் எட்டிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. ஃபோட்டோவோடு நிறுத்துங்கள். காட்டுக்குள் போய்ப் பூச்சி பிடிக்க வனத்துறை அனுமதி கட்டாயம். ஆர்வக் கோளாறில் பாட்டிலோடு கிளம்பினால் கேஸ் ஆகிவிடும். உங்கள் ஃபோட்டோவைப் பார்த்து ‘இது எதோடும் ஒத்துப்போகலையே!’ என்று ஒரு நிபுணர் புருவத்தை உயர்த்தினால், அப்புறம் அனுமதி, லேப், மைக்ரோஸ்கோப் எல்லாம் முறைப்படி வரும். சில வருஷம்கூட ஆகலாம். அவசரப்பட்டால் ஏற்கெனவே ஹாம்ப்சன் வைத்த பேருக்கு மேலே நீங்களும் ஒரு பேர் வைத்து அசடு வழிய வேண்டியிருக்கும். இந்த உலகத்தில் முதலில் வைத்த பேர்தான் செல்லும்!

மறுபடி அந்த ஹாஸ்டல் வராந்தாவுக்கே வருவோம். நாளைக்கு ராத்திரியும் ட்யூப் லைட் எரியும். சாம்பல் கலரில் ஒன்று வந்து உங்கள் நோட்டில் உட்காரும். அது ஹாம்ப்சன் காலத்திலேயே பேர் வாங்கிய பழைய ஆசாமியாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால், மலை ஏறி ஏறி, இனி ஏறப் படியில்லாமல் நிற்கிற, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் யாரும் கூப்பிடாத ஒருத்தனாகவும் இருக்கலாம்.

ஊதித் தள்ளுவதற்கு முன்னால் ஒரு ஃபோட்டோ எடுங்க. தேதியும் இடமும் எழுதுங்க. அந்த ஆள் ‘பிரசன்ட் சார்’ சொல்ல ஒரு சான்ஸ் கொடுங்க!